நாய்ப் படமும் வைர ஊசியும்

குழாயின் முன் தலை சாய்த்து அமர்ந்திருக்கும் நாய்! அந்தப் படம் போட்ட இசைத்தட்டைப் பழைய தலைமுறையினர் நன்கு அறிவர். அதை வரைந்த இங்கிலாந்து ஓவியர் பிரான்சிஸ் பரோ, நாயின் முன் முதலில் தீட்டியது எடிசன் வகை உருளைக் கருவியை. 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது, பழைய கருவியை வண்ணத்தால் மூடித் தன் கருவியை வரையச் செய்தது. ஓவியத்தில் நடந்தது பிறகு சந்தையிலும் நடந்தது.

யார் இந்த எடிசன்? 1847 பிப்ரவரி 11-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. ரயில் வண்டியில் பத்திரிகையும் மிட்டாயும் விற்ற சிறுவன். இளமையிலேயே காது மந்தம். தந்தி ஊழியராகி, ஆராய்ச்சியாளராகி, 1877-ல் தகரத்தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதித்து, அதைத் திரும்பவும் பேச வைத்தார். ஆம், காது மந்தமானவர்தான் உலகத்தின் காதுக்கு விருந்து படைத்தார்!

ஆனால் சந்தை வேறு கைகளுக்குச் சென்றது. 1901-ல் தோன்றிய விக்டர் கம்பெனி நாய்ப் படத்தைச் சின்னமாக்கியது. கரூஸோ என்ற இத்தாலியப் பாடகரின் புகழை முன்னே நிறுத்தியது. 1906-ல் குழாயை மரப்பெட்டிக்குள் மறைத்து, கருவியைக் கூடத்து அலங்காரமாக்கியது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம்!

எடிசன் என்ன செய்தார்? ஒலியை மேம்படுத்த உழைத்தார். 1912-ல் வந்தது அவருடைய வைர ஊசித் தட்டு. கால் அங்குலக் கனம். மற்றவர் தட்டில் எஃகு ஊசி; ஒரு பக்கம் பாடியதும் மாற்ற வேண்டும். எடிசன் ஊசியோ வைரம். மாற்றும் வேலை இல்லை. ஒலியின் இயல்பில் எடிசன் தட்டே மேல் என்றனர் இசை அறிந்தோர் பலர்.

அதை மெய்ப்பிக்க 1915 முதல் ஊர் ஊராக மேடை போட்டார்கள். பாடகர் கருவியோடு சேர்ந்து பாடுவார். விளக்கு அணையும். மீண்டும் எரியும்போது பாடகர் இருக்கமாட்டார்; பாட்டு மட்டும் கேட்கும்! கூட்டம் வியந்தது. ஆனால், அந்த மேடைகளில் பாடிய அன்னா கேஸ், கருவியின் ஒலிக்கேற்பத் தம் குரலை அளந்தே பாடியதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நல்ல சரக்கும் வித்தை காட்டி விற்கப்பட்டது!

அப்படியும் ஏன் தோற்றார்? தொடக்கத்தில் தட்டுகளில் பாடியவர் பெயரையே போட மறுத்தார். உழைப்பவரை அவர் நடத்திய விதம் அது ஒன்றோடு நிற்கவில்லை. 1886-ல் நியூயார்க்கில் அவருடைய தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்சாலையையே வேறு ஊருக்கு மாற்றியவர் அவர்.

எந்தப் பாட்டு வெளிவர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். கேளாத காதோடு, மரப்பெட்டியைப் பல்லால் கடித்து அதிர்வை உணர்ந்து தீர்ப்பளித்தார். மக்கள் விரும்பிய ஜாஸ் இசை அவருக்குப் பிடிக்கவில்லை. 1919-ல் அவரிடம் பதிவு செய்த பியானோ மேதை ராக்மனினோவ், மறு ஆண்டே விக்டருக்குப் போய்விட்டார்.

உலகப் போரில் மூலப்பொருள் தட்டுப்பட, தட்டுகளில் இரைச்சல் ஏறியது. 1925-ல் மற்றவர்கள் மைக் வைத்து மின்முறையில் பதியத் தொடங்கினர். எடிசன் 1927 வரை பழைய முறையிலேயே நின்றார். தரம் என்ற ஒரே ஆயுதமும் மழுங்கியது. 1929 அக்டோபரில் இசைத்தட்டுத் தொழிலை மூடினார். 1931 அக்டோபர் 18-ல், 84-வது வயதில் மறைந்தார்.

தோழர்களே! இன்றும் கூலியில் மிச்சம் பிடித்து ஸ்பீக்கர் வாங்கப் போகும் தொழிலாளியின் முன், பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கும் நடிகர் படமும்தான் நீட்டப்படுகின்றன. படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கடையிலேயே போட்டுக் கேளுங்கள். காதுதான் நீதிபதி.

இன்னொரு பாடம் நமக்கே உரியது. கொள்கை வைரமாக இருக்கலாம். ஆனால் மக்களின் விருப்பத்துக்குச் செவி கொடுக்காதவர் கையில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கூவி விற்பவர் வென்றுவிடுவார். மக்களிடம் பேசப் போகுமுன், மக்களைக் கேட்கப் போவோம்!