சுப்பாராவுக்குப் பட்ட கடன்

கும்பகோணம் வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் பெயர் பெற்ற ஊர். ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கும் அது பெயர் பெற்றிருந்தது. வீங்கிய காலை மறைத்துக்கொண்டு நடந்தவர்களைத் தஞ்சைப் பகுதி முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடுவீடாகச் சென்று இரத்தம் எடுப்பார்கள். அந்நோய்க்குக் கொடுக்கப்படும் டை எத்தில் கார்பமசின் மாத்திரை, 1947-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கு ஆய்வுப் பிரிவின் இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியுடைய எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. 1922-இல் மாமனாரின் உதவியோடு பாஸ்டன் சென்றவர் பிறகு தாயகம் திரும்பவேயில்லை.

மருத்துவமனையில் இரவுக் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்ததை இருவரும் அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்து அதைக் கண்டறிந்திருந்தார். உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் நாணயம் அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அந்த நாணயத்துக்கு இன்னொரு முகம் உண்டென்பது அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. ஏ.டி.பி. உயிரணுவுக்குள் நிறைந்திருக்கும், வெளியே மிகமிக அரிது. உயிரணு சிதைந்தால் அது வெளியே கொட்டுகிறது. நம் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அமைப்பு இதைக் கரை உடைந்ததற்கான அடையாளமாகக் கொள்கிறது. காவல் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள பி2எக்ஸ்7 என்னும் புரதம் அதை உணர்கிறது. உள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்னும் மற்றொரு புரதம் விழித்தெழுகிறது. அதன் தூண்டலால் அழற்சியை மூட்டும் இன்டர்லூகின் வெளியேறுகிறது. மாறாக, உயிரணுவுக்குள் ஏ.டி.பி. குறைவதை உணரும் ஏ.எம்.பி.கே. என்னும் புரதம் வீண் செலவைக் குறைத்து அழற்சியையும் தணிக்க முனைகிறது. தீ மூட்டுவதா, அணைப்பதா என்ற முடிவில் சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருளின் இருப்புக் கணக்குக்கும் பங்குண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லியில் சேர்ந்தார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. தம் சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தானது. அதன் வடிவை மாற்றி உருவாக்கிய அமினாப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிறிது காலமேனும் தணித்துக் காட்டினார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட், இன்று முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கப்படுகிறது. ஏ.டி.பி. தன் பாஸ்பேட்டுகளை இழந்தால் எஞ்சுவது அடினோசின். அது அழற்சியை அடக்கும். குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் அந்த அடினோசினைப் பெருகச் செய்தே மூட்டு வீக்கத்தைத் தணிக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று.

யானைக்கால் மாத்திரையின் கதையும் இத்தகையதே. சோதனைக் குழாயில் அது நுண்புழுக்களை அவ்வளவாகக் கொல்வதில்லை. உடலுக்குள் சென்றால், நம் உள்ளார்ந்த நோயெதிர்ப்பே அவற்றை அழிக்க அது துணை நிற்கிறது.

1948 ஆகஸ்டில் உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 53. நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த வாழ்வை வரவு செலவுக் கணக்காகவும் பார்க்கிறேன். 1929-இல் ஏ.டி.பி.யால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் யாராலும் விலை சொல்லியிருக்க முடியாது. தசைச் சாற்றில் பாஸ்பரஸை அளந்துகொண்டிருந்த வேலைக்கு உடனடிச் சந்தை எதுவும் இல்லை. அதன் ஈவு பல பத்தாண்டுகள் கழித்து, முதலீடு செய்யாத நாடுகளின் ஏழைகளுக்கும் கிடைத்தது. நாற்று நட்டு நட்டு விரல் மூட்டு வீங்கிய பெண்ணுக்கு முடக்குவாதம் என்று தெரியவந்தால், அரசு மருத்துவமனையில் அவர் பெறும் மாத்திரையில் அந்த ஈவு இருக்கிறது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம் உடனடிப் பயனைக் கேட்கும் ஆட்சியாளர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மும்முறை தேர்வெழுதித் தேறிய, ஆடைக்காகப் பட்டம் குறைக்கப்பட்ட ஒரு மாணவரைச் சென்னை அனுப்பிவைத்தது, ஹார்வர்டும் தக்கவைத்துக்கொள்ளவில்லை. நம் கல்லூரிகளின் கடைசி வரிசையில் இன்று அமர்ந்திருப்பவர்களுள் அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தையும், தோற்க அனுமதிக்கும் பொறுமையையும் தருவதே சுப்பாராவுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வழி.