சீகாழி இரங்கநாதனார்

திருஞானசம்பந்தர் தோன்றிய சீகாழிப் பதியிலே 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பிறந்தவர் இராமாமிர்த இரங்கநாதனார். ஆறு வயதிலே தந்தையாரை இழந்தார். நாவிலே திக்கும் இருந்தது. பள்ளிப் படிப்பை அவ்வூரிலேயே முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்து, ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் அன்னாரை நம்மவர் என்று உரிமை பாராட்ட இஃதொன்றே போதும். பின்னர் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், இறுதியாகச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணாக்கர் நடுவே நிற்பதே அவருக்கு இன்பமாயிருந்தது.

அக்காலத்திலே சென்னைச் சர்வகலாசாலை தன் நூல் நிலையத்துக்குத் தலைவர் ஒருவரைத் தேடியது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர். அத்துறையிற் பயிற்சி பெற்றவர் ஒருவரேனும் அவருள் இலர். இரங்கநாதனாரும் பயிற்சியில்லாதவரே. ஆசிரியர் சம்பளத்தினும் மிகுந்த சம்பளம் என்பதே நண்பர்கள் அவரை விண்ணப்பிக்கத் தூண்டிய காரணம். கலைக்களஞ்சியம் ஒன்றில் நூல் நிலையத்தைப் பற்றியிருந்த கட்டுரையைப் படித்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார், வேலை கிடைத்துவிட்டது!

1924-ஆம் ஆண்டு ஜனவரியிற் பொறுப்பேற்றார். மாணாக்கர் ஆரவாரத்திற் பழகியவருக்கு ஆளரவமற்ற அக்கூடம் சிறைச்சாலையாய்த் தோன்றிற்று. சில நாள்களுக்குள்ளே கல்லூரி முதல்வரிடம் ஓடித் தம்மைத் திரும்பவும் சேர்த்துக்கொள்ளுமாறு மன்றாடினார். இங்கிலாந்து சென்று நூல் நிலையப் பயிற்சி பெற்று வருக, வந்த பின்னும் வெறுப்பு நீங்காவிடில் பழைய வேலையைத் தருவோம் என்று உடன்பாடு செய்யப்பட்டது. நினிவேக்குப் போக மனமில்லாத யோனாவைப் போலவே கப்பலேறினார் என்னலாம்.

இலண்டனிலே பாடங்களைக் கேட்டதைக் காட்டிலும், அந்நாட்டு நூல் நிலையங்களை நேரிற் கண்டதே அவரை மாற்றியது. அவருக்குக் கற்பித்த சேயர்ஸ் என்பார் தலைமை வகித்த கிராய்டன் நகரத்து நூல் நிலையம் அவற்றுள் ஒன்று. சிறுவரும், தொழிலாளரும், வீட்டுப் பெண்டிரும் தத்தமக்கு வேண்டிய நூலைத் தாமே எடுத்துப் படிப்பதைக் கண்டார். புத்தகத்தைக் காவல் காப்பதன்று, அதற்குரிய மனிதனிடம் சேர்ப்பதே தம் வேலை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. இதுவும் ஆசிரியத் தொழிலே. வகுப்பறைச் சுவர்கள்தாம் இல்லை.

1925-இல் திரும்பியவர் கல்லூரி வேலையைக் கேட்கவேயில்லை. அடைத்து வைத்திருந்த அலமாரிகளைப் படிப்போருக்குத் திறந்துவிட்டார். இருபதாண்டுகள் விடுமுறையே எடுக்காமல் உழைத்தார். ஒரு நூல் உரியவனிடம் சேர்ந்தால் நிகழ்வது யாதென்பதற்கு அவர் அறிந்த சான்று கணித மேதை இராமாநுஜர். கும்பகோணத்திலே பள்ளி மாணவராயிருந்த அவர் கையில், 1903-ஆம் ஆண்டிலே, கல்லூரி நூல் நிலையத்திலிருந்து இரவலாக வந்த கார் என்பாரது கணிதத் தொகுப்பு கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் நிரம்பிய அந்நூல் அவர் வாழ்க்கையின் திசையையே வகுத்துவிட்டது. அவ்விராமாநுஜரைப் பற்றி இரங்கநாதனார் 1967-இல் ஒரு நூலும் இயற்றினார்.

அன்னார் வகுத்த கோலன் பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது. இதன் வித்து இலண்டன் கடையொன்றிற் கண்ட விளையாட்டுப் பொருள். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஒரே பெட்டியிலிருந்து பல உருவங்கள் செய்வதைக் கண்டு, பொருள்களையும் இவ்வாறே பூட்டலாமே என எண்ணினார். எமது பழனிமலைத் தாண்டிக்குடியிற் காப்பிப் பயிரிடுவோன் ஒருவன் இலைத்துரு நோயைப் பற்றிய நூலைத் தேடுகிறான் என்க. முன்னமே செய்து வைத்த அறைகளுள் அதற்கு இடமில்லாது போகலாம். இவர் முறையிலோ காப்பி, இலை, நோய், இடம், காலம் எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. அவற்றை முக்காற்புள்ளி திருகாணி போல் இணைத்துவிடும். எத்துணைப் புதிய பொருளுக்கும் இடம் உண்டாகும். இம்முறையைக் கையாளும் நூல் நிலையங்கள் உலகிற் சிலவே எனினும், இதன் கருத்து பிற நாட்டார் வகுப்பு முறைகளிலும் புகுந்தது.

நகரத்தோடு அவர் நின்றாரல்லர். 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் பொருட்டு நெடுங்காலம் பாடுபட்டார். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலே நூல்கள் சென்றன. சட்டமின்றி இது நிலைக்காது என்று கண்டு 1930-லேயே மாதிரி மசோதா ஒன்றை வரைந்திருந்தார். பதினெட்டு ஆண்டு கழிந்து 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்திலே, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று.

காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்து, தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே நூலகவியல் கற்பிக்கும் பொருட்டு மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் வழங்கி, 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரிலே இரங்கநாதனார் மறைந்தார். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து மலையேறி வரவேண்டிய எமதூரிலும், வீட்டு வரி செலுத்துவோர் அதனோடு நூலக வரியையும் இன்றளவும் செலுத்தி வருகின்றனர்.