பழுதறிந்த மேதை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள இராசபாளையம் நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊர். ஆலையின் கதிர்களைச் சுழலச் செய்வது மின்மோட்டார். அது திடுமென நின்றால் நூற்பும் நின்றுவிடும். அவ்வேளையில், காரணம் அறியாது உறுப்புகளை மாற்றுபவனால் பயனில்லை. ‘பேரிங்’ என்னும் தாங்கி தேய்ந்தால் அதிர்வு மிகும். நேர்மின்னோட்ட மோட்டாரில் கரித்தூரிகை தேய்ந்தால் பொறி பறக்கும். இவ்வடையாளங்களைக் கொண்டு, நோயின் முதலை நாடும் மருத்துவனைப் போலப் பழுதின் முதலைக் காண்பவனே வேண்டப்படுவான். அவ்வாற்றலைத் தம் முயற்சியாலேயே பெற்று உயர்ந்தவர் ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், உழவர் குடியில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் பொருந்தவில்லை. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியை வாங்கும் பொருட்டுக் கோவை சென்று, உணவு விடுதி ஒன்றில் பணியாளராய் அமர்ந்தார்; ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதில் உலாவி மகிழ்வதோடு அவர் அமையவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், எது எதனை இயக்குகிறது என ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

1920ஆம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கினார். அது நாளடைவில் பெருநிறுவனமாய் வளர்ந்தது. வண்டி வழியில் நின்றபின் வருந்துவதினும், நிற்குமுன் குறையறிவதே நன்றென அவர் கருதினார். எஞ்சினின் அதிர்வைச் சோதித்தறியும் கருவியையும் அமைத்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்டு சவரக் கருவி ஒன்றையும் படைத்தார். 1937ஆம் ஆண்டு, பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். அயல்நாட்டாரே மோட்டார் செய்ய வல்லார் என்னும் எண்ணம் அன்றே தளர்ந்தது.

1945ஆம் ஆண்டு கோவையில் பொறியியற் கல்லூரி தோன்றத் துணைநின்றார். நான்காண்டுப் படிப்பு மிகையானது. கைத்தொழிற் பயிற்சியே முதன்மையானது என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. தாம் வளர்க்க விரும்பிய கல்லூரியைவிட்டு விலக நேர்ந்தபோதும், அவர் தம் கொள்கையை விடவில்லை. இளைஞர்க்குக் குறுகிய காலத்தில் தொழில் கற்பிக்கும் பணியைத் தொடர்ந்தார்.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். இயந்திரம் நின்றவிடத்து அஞ்சி அகலாமல், ஏன் நின்றது என்று வினவி அணுகும் இளைஞர் ஒவ்வொருவரும் அவர்தம் மாணவரே ஆவர்.