மூணு முறை ஃபெயில்... சவப்பெட்டியோடு போர்... சிக்கனுக்குப் பெயர் கொடுத்த ஜெனரல் ஸோ யார் தெரியுமா?

அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சைனீஸ் டேக்-அவே கடை இருக்கும். அதன் மெனு கார்டில் ஒரு பெயர் கண்டிப்பாக இருக்கும்: ஜெனரல் ஸோ சிக்கன். மொறுமொறுன்னு பொரித்த கோழித் துண்டுகள், மேலே பளபளன்னு இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த சாஸ், ஓரத்தில் நாலு ப்ராக்கோலி. ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீங்க.

அந்த ஜெனரல் யாருன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? கதைக்காக வைத்த பெயர் இல்லை. நிஜமாகவே வாழ்ந்த மனிதர். சீன வரலாற்றின் மிகப் பெரிய தளபதிகளில் ஒருவர். இதில் வேடிக்கை என்னன்னா, தன் பெயரில் உலகமே சாப்பிடும் அந்த சிக்கனை அவர் ருசித்ததே இல்லை.

அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டு, அப்படியே அந்த சிக்கனை எண்ணெயும் சர்க்கரையும் குறைத்து வீட்டிலேயே செய்வது எப்படின்னும் பார்த்துடலாம்.

மூன்று முறை கைவிட்ட தேர்வு

முழுப்பெயர் ஸோ ஸோங்டாங். 1812-ல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில், சியாங்யின் என்ற ஊரில் பிறந்தார். படிப்பு இருந்தது, பணம் இல்லை. அப்படிப்பட்ட குடும்பம். இருபது வயதாவதற்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்துவிட்டார்.

அன்றைய சீனாவில் முன்னேற ஒரே வழி அரசுத் தேர்வுதான். நம்ம சிவில் சர்வீஸ் தேர்வு மாதிரி, ஆனா அதைவிடக் கடினம். 1832-ல் மாகாண அளவிலான தேர்வில் ஸோ தேறினார். அடுத்தது பெய்ஜிங்கில் நடக்கும் பெரிய தேர்வு. 1833-ல் போனார், தோல்வி. 1835-ல் மறுபடியும் தோல்வி. 1838-ல் மூன்றாவது முறையும் தோல்வி.

ஹூனானிலிருந்து பெய்ஜிங் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரயில் கிடையாது. ஒவ்வொரு முறையும் போய், எழுதி, தோற்று, அதே வழியில் திரும்பி வரணும். யோசிச்சுப் பாருங்க.

இதற்கிடையில் கல்யாணமும் ஆகியிருந்தது. வசதி இல்லாததால் மனைவி வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கினார். அந்தக் காலச் சீனாவில் அது ஆணுக்குப் பெரிய கௌரவக் குறைச்சல். மனைவி ஜோ யிதுவான் நன்றாகப் படித்தவர், கவிதை எழுதுபவர். கணவரின் தோல்விகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரும் அவர்தான்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஸோ ஒரு முடிவெடுத்தார். இனி தேர்வே வேண்டாம். பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நிலம் வாங்கி விவசாயம் செய்தார், தேயிலை நட்டார், பட்டுப்புழு வளர்த்தார். தனக்குத்தானே ஆற்றங்கரை விவசாயி என்று பொருள்படும் ஒரு புனைபெயரும் வைத்துக்கொண்டார்.

ஆனா படிப்பை மட்டும் விடவில்லை. தேர்வுக்குத் தேவையில்லாத புத்தகங்களாகத் தேடித்தேடிப் படித்தார். புவியியல், வரைபடங்கள், எல்லைப் பகுதிகள், நீர்ப்பாசனம். அப்போது அது வேலைக்கு ஆகாத படிப்பு. பின்னாளில் அவரைக் காப்பாற்றியது அதுதான்.

படகில் கழிந்த ஓர் இரவு

1850 ஜனவரி. சாங்ஷா நகரத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் ஒரு படகு வந்து நின்றது. உள்ளே இருந்தவர் லின் ஸேஷு. பிரிட்டிஷ் வியாபாரிகளின் அபினைப் பறிமுதல் செய்து அழித்த அதே அதிகாரி. அதன் பிறகு மூண்ட அபின் போரில் சீனா தோற்க, பழியைச் சுமந்து மேற்கு எல்லைக்கு நாடு கடத்தப்பட்டு, மீண்டு வந்தவர். அவர் பார்க்க விரும்பிய ஆள், பட்டமும் பதவியும் இல்லாத வாத்தியார் ஸோ.

இரவு முழுக்க இருவரும் பேசினார்கள். சீனாவின் மேற்கு எல்லையான ஜின்ஜியாங் பற்றித் தான் சேகரித்து வைத்திருந்த குறிப்புகளை லின் அவரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு லின் இறந்துபோனார். அந்தக் குறிப்புகளுக்கு வேலை வர இன்னும் 25 வருஷம் இருந்தது.

நாற்பது வயதில் முதல் வேலை

1850-ல் தைப்பிங் கிளர்ச்சி வெடித்தது. மனித வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்த உள்நாட்டுப் போர்களில் ஒன்று. கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். 1852-ல் கிளர்ச்சிப்படை சாங்ஷாவை முற்றுகையிட்டபோது, ஹூனான் ஆளுநருக்கு ஆலோசகராக ஸோ அழைக்கப்பட்டார். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 40 வயது. அரசு வேலை என்று அவர் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம். 1860-ல் சுமார் 5,000 வீரர்கள் கொண்ட சொந்தப் படை. 1864-ல் ஹாங்ஜோ நகரத்தைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மீட்டார். மூன்று முறை தேர்வில் தோற்றவர், இரண்டு மாகாணங்களுக்குத் தலைமை ஆளுநர்.

1866-ல் ஃபூஜோ நகரில் சீனாவின் முதல் நவீன கப்பல் கட்டும் தளங்களில் ஒன்றைத் தொடங்கினார். பிரெஞ்சுப் பொறியாளர்களை வைத்து வேலை, கூடவே கடற்படைப் பள்ளிக்கூடம். வெளிநாட்டுக் கப்பலை வாங்கினால் மட்டும் போதாது, கட்டவும் தெரியணும் என்பது அவர் கணக்கு.

மேற்கே ஒரு நெடும்பயணம்

அதே 1866-ல் அவர் வடமேற்கே அனுப்பப்பட்டார். ஷான்சி, கான்சு பகுதிகளில் ஹுய் முஸ்லிம்களின் கிளர்ச்சி. அதையும் தாண்டி, ஜின்ஜியாங்கின் பெரும்பகுதியை யாகூப் பேக் என்பவர் பிடித்துத் தனி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். இலி பள்ளத்தாக்கை 1871-ல் ரஷ்யா பிடித்துக்கொண்டது.

1870-ல் மனைவி ஹூனானில் இறந்தார். ஸோ போர்முனையில் இருந்தார்.

1870-களில் பெய்ஜிங் அரசவையில் பெரிய விவாதம். லி ஹோங்ஜாங் போன்றவர்கள், பாலைவனத்துக்குச் செலவழிப்பது வீண், அந்தப் பணத்தில் கடற்படையைப் பலப்படுத்தலாம் என்றார்கள். கப்பல் தளத்தைத் தொடங்கிய ஸோவோ, கடலும் வேணும் எல்லையும் வேணும் என்று வாதாடினார். ஜெயித்தார். 1875-ல் ஜின்ஜியாங் போருக்கான முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. வயது 62.

படையைவிடப் பெரிய பிரச்னை சாப்பாடு. பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு எப்படிச் சோறு போடுவது? இங்கேதான் பழைய விவசாயி வெளியே வந்தார். போகும் வழியெல்லாம் வீரர்களையே பயிர் செய்ய வைத்தார். விளைந்த பிறகுதான் அடுத்த நகர்வு. போதாத பணத்துக்கு, ஹு ஷுவேயான் என்ற வியாபாரி மூலம் வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கினார். தயாரிப்புக்கு வருஷக்கணக்கு, போருக்குச் சில மாதங்கள். 1876-ல் உரும்ச்சி விழுந்தது. 1877-ல் யாகூப் பேக் இறந்தார். 1878 தொடக்கத்தில், இலி தவிர ஜின்ஜியாங் முழுவதும் அவர் வசம்.

1880-ல் ரஷ்யாவோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, 67 வயது ஸோ தன் முகாமை ஹாமி என்ற பாலைவன ஊருக்கு மாற்றினார். கூடவே தன் சவப்பெட்டியையும் எடுத்துப் போனார். இலி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்பதற்கு அதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்? பெட்டிக்கு வேலை வரவில்லை. 1881 ஒப்பந்தத்தில் இலியின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

மரமும் ரத்தமும்

கான்சு வழியாகப் போகும் பாதையின் இருபுறமும் அவருடைய வீரர்கள் வில்லோ மரங்களை நட்டார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. மக்கள் அவற்றை ஸோ ஐயாவின் வில்லோ என்கிறார்கள். அபின் பயிரைத் தடுத்துப் பருத்தி பயிரிட வைத்தார். லான்ஜோவில் கம்பளி ஆலை தொடங்கினார்.

ஆனா கதையின் இன்னொரு பக்கத்தையும் நீங்க பார்க்கணும். அதே பாதையில் ரத்தமும் ஓடியது. அந்தப் போர்களில் ஹுய் முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் மடிந்தார்கள். 1873-ல் சுஜோ என்ற கோட்டை நகரம் விழுந்தபோது, சரணடைந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்த பலர் சொந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்டு, வறண்ட நிலங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். சீனப் பாடப்புத்தகத்தில் அவர் நாட்டின் ஆறில் ஒரு பங்கை மீட்ட நாயகன். அந்த மண்ணின் உய்குர், ஹுய் மக்கள் பலருக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். இரண்டும் ஒரே மனிதர்தான்.

கண்முன்னே எரிந்த கனவு

1884-ல் ஜின்ஜியாங் தனி மாகாணம் ஆனது. அதே ஆண்டு பிரான்ஸோடு போர். ஆகஸ்ட் மாதம் ஃபூஜோவில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்குள் சீனப் படகுகளை மூழ்கடித்தன. ஸோ தொடங்கிய கப்பல் தளம் சின்னாபின்னமானது. கண் பார்வை மங்கி, உடம்பு தளர்ந்த நிலையில் 72 வயது ஸோ அந்த ஊருக்கே பாதுகாப்புப் பொறுப்பேற்கப் போனார். 1885 செப்டம்பர் 5-ம் தேதி ஃபூஜோவிலேயே இறந்தார்.

அப்போ சிக்கன் எங்கிருந்து வந்தது?

அவர் இறந்து சுமார் 70 வருஷம் கழித்து! பெங் சாங்குவேய் என்ற ஹூனான் சமையல்காரர், 1949-ல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற அரசோடு தைவானுக்கு ஓடிவந்தவர். 1950-களில் ஒரு விருந்துக்காகப் புதிதாக ஒரு சிக்கன் செய்தார். தன் ஊரின் மாவீரர் பெயரையே அதற்கு வைத்தார். திரும்பிப் போக முடியாத ஊரை ஒரு தட்டில் பிடித்து வைத்த மாதிரி. அந்த முதல் சிக்கனில் இனிப்பே கிடையாது. உப்பு, புளிப்பு, காரம், பூண்டு அவ்வளவுதான்.

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் சமையல்காரர்கள் தைபே வந்து இதை ருசித்து, அமெரிக்க நாக்குக்காக மாவைத் தடிமனாக்கி, சர்க்கரையைக் கொட்டினார்கள். பெங் நியூயார்க்கில் கடை திறந்தபோது, அவர்தான் காப்பி அடித்தவர் மாதிரி ஆகிவிட்டது. 1990-ல் சாங்ஷாவுக்கே போய்ப் பரிமாறினார். இனிப்பு அதிகம்னு ஊர்க்காரர்கள் ஒதுக்கினார்கள். கடை ஓடவில்லை. 2016-ல், 98 வயதில் தைபேயில் இறந்தார்.

ஆக, இந்த சிக்கனில் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைப்பது வெறும் டயட் இல்லை. பெங் முதலில் சமைத்த சுவைக்கு ஒரு படி பக்கத்தில் போவது.

லைட்டான ஜெனரல் ஸோ சிக்கன் (3 பேருக்கு)

கோழி ஊற: தோல், எலும்பு நீக்கிய தொடைக்கறி 500 கிராம் (ஒரு அங்குலத் துண்டுகள்), சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், முட்டையின் வெள்ளைக்கரு 1, கார்ன்ஃப்ளார் 2 டேபிள்ஸ்பூன்.

சாஸுக்கு: சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், வினிகர் ஒன்றரை டேபிள்ஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், தண்ணீர் அரை கப், கார்ன்ஃப்ளார் 1 டீஸ்பூன்.

தாளிக்க: விதை நீக்கிய காய்ந்த மிளகாய் 8, பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு தலா 1 டேபிள்ஸ்பூன், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், எள் எண்ணெய் அரை டீஸ்பூன்.

1. கோழியை ஊறவைக்கும் பொருள்களோடு பிசைந்து 20 நிமிடம் வையுங்க. மாவு மெல்லிய போர்வை மாதிரி ஒட்டினால் போதும். பஜ்ஜி மாவு மாதிரி தடிமனாக இருக்கக் கூடாது.

2. அகலமான கடாயில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்க. மூன்று நிமிடம் கிளறவே கிளறாதீங்க. அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பி இன்னும் மூன்று நிமிடம். எல்லாம் ஒரே தடவை கொள்ளாவிட்டால் இரண்டு முறையாகப் போடுங்க. நெருக்கினால் வறுபடாது, வெந்து தண்ணீர் விட்டுடும். ஏர் ஃப்ரையர் இருந்தால் துண்டுகள் மேல் எண்ணெயைத் தடவி 200 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒரு முறை குலுக்கி விடுங்க. வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

3. கோழியை எடுத்துவிட்டு, மீதி எண்ணெயில் மிதமான தீயில் மிளகாயை நிறம் மாறும் வரை வறுங்க. கருகினால் கசக்கும். இஞ்சி, பூண்டு சேர்த்து வாசனை வரட்டும்.

4. சாஸ் பொருள்களைக் கட்டியில்லாமல் கலக்கி ஊற்றுங்க. ஒரு நிமிடத்தில் கெட்டியாகிப் பளபளக்கும். அப்போது கோழியைப் போட்டு இரண்டு பிரட்டு, உடனே அடுப்பை அணைச்சுடுங்க. சாஸில் ஊற விட்டால் மொறுமொறுப்பு போயிடும். உப்பு தனியாக வேண்டாம், சோயா சாஸிலேயே இருக்கு.

5. எள் எண்ணெய், வெங்காயத்தாள் தூவி, வெறும் சோற்றோடும் ஆவியில் வேகவைத்த ப்ராக்கோலியோடும் பரிமாறுங்க.

கடையில் இது எண்ணெயில் மூழ்கி எழுந்து, சர்க்கரைப் பாகில் குளித்து வரும். இங்கே மொத்தமே இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. முதல் வாயில் புளிப்பும் காரமும்தான் முன்னாடி வரும்.

சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்க. மூன்று முறை தோற்றுப்போய் வயலில் இறங்கிய வாத்தியார் கதையையும், அவர் ஜெயித்த ஊர்களில் யாரெல்லாம் அழுதார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்க.