46 கிலோவில் தொடங்கிய செயின்சா: யார் இந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டில்?

தென்மேற்குப் பருவமழை வரும் முன் இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஒரு வேலை முடிந்தாக வேண்டும். நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து வேலைதான் அது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் பலர் இந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பாலக்காடு பக்கம் நெல்லியாம்பதி காபி, ஏலத் தோட்டங்களிலும் நிழலைச் சரிசெய்யும் வேலை உண்டு.

மரத்தின் மேலே நின்று வேலை செய்பவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். அதனால் கைப்பிடி மேல்பக்கம் இருக்கிற சின்ன செயின்சாவுக்கு மவுசு அதிகம். பல மாடல்கள் 4 கிலோவுக்கும் கீழே. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி ஒன்று வாங்கி வரலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. கடையில் முதலில் காதில் விழும் பிராண்டு பெயர்களில் ஒன்று ஸ்டில். அது ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்?

ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1896 நவம்பர் 10-ம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஜெர்மனியில். முதல் உலகப்போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, பிறகு இயந்திரப் பொறியியல் படித்தார். 1926-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் செய்தது நீராவிக் கொதிகலன்களுக்கான உபகரணங்கள்.

அப்போது காட்டில் மரம் அறுப்பது என்றால் கோடாரி, இல்லாவிட்டால் ரெண்டு பேர் இழுக்கும் வாள். வேலையாள் மரத்தடிக்குப் போகும்போது மிஷின் மட்டும் ஏன் ஆலையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்? ரம்பத்தை மரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் ஸ்டில்லின் திட்டம். 1926-லேயே மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைச் செய்துவிட்டார். ஆனால் அதைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், காட்டில் கரன்ட் ஏது?

1929-ல் பெட்ரோல் மிஷின் வந்தது. 6 குதிரைத்திறன், எடை 46 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை. இதையும் ரெண்டு பேர்தான் பிடிக்க வேண்டும்.

செயின்சாவைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

இவர் மட்டும் இல்லை. சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை 18-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்களிடமே இருந்தது. அவர்கள் அறுத்தது மரத்தை அல்ல, எலும்பை. ஜெர்மனியிலேயே எமில் லெர்ப் என்பவர் 1927-ல் டோல்மார் மலையில் பெட்ரோல் செயின்சாவை ஓட்டிக் காட்டிவிட்டார். இன்று நாம் பார்க்கும் வளைந்த பல் கொண்ட செயின் அமெரிக்காவின் ஜோசப் காக்ஸ் தந்தது. மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப்புழுவின் தாடையைக் கவனித்து 1946-ல் அவர் அதை வடிவமைத்தார்.

ஸ்டில்லின் பங்கு வேறு. எடையைக் குறைத்துக்கொண்டே போவதை அவர் விடவில்லை.

மறைக்க முடியாத பக்கம்

இவர் கதையை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட முடியாது. ஸ்டில் 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பிறகு எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினரானார். இரண்டாம் உலகப்போரின்போது அவரது தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அவரைப் பிடித்து, 1948 வரை தடுப்புக்காவலில் வைத்தது. விசாரணையில் அவர் முக்கியக் குற்றவாளியாக இல்லாமல், ஆட்சியோடு ஒத்துப்போனவர் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டார். தொழிலாளியின் தோள் சுமையைக் குறைத்தவரின் ஆலையில்தான் விருப்பமில்லாத தொழிலாளர்களும் நின்றார்கள். ரெண்டும் உண்மை.

ஒற்றை ஆள் ரம்பம் எப்போது வந்தது?

1950-ல் ஸ்டில் நிறுவனம் ஒருவரே பிடிக்கக்கூடிய பெட்ரோல் செயின்சாவைக் கொண்டுவந்தது. எடை 16 கிலோ. 1959-ல் வந்த 'கான்ட்ரா' மாடலில் கியர் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். எஞ்சின் நேரடியாகச் செயினைச் சுழற்றியது. எடை 12 கிலோவுக்கு இறங்கியது, சக்தி அதே 6 குதிரைத்திறன். 30 வருடத்தில் எடை கால்வாசியாகிவிட்டது. 1960-களில் கை நடுக்கத்தைக் குறைக்கும் அதிர்வுத் தடுப்புக் கைப்பிடியும் வந்தது. 1971-ல் உலகில் அதிகம் விற்கும் செயின்சா பிராண்டாக ஸ்டில் உயர்ந்தது.

1973 ஜனவரி 14-ம் தேதி ஸ்டில் இறந்தார். மகன் ஹான்ஸ் பீட்டர் ஸ்டில் நிறுவனத்தை ஏற்றார். வைப்லிங்கன் நகரில் தலைமையகம் கொண்ட இந்த நிறுவனத்துக்கு இன்று புனே அருகே சாகனில் ஆலை இருக்கிறது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

எடை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைத்துவிடாதீங்க. மேல் கைப்பிடி ரம்பத்தில் ரெண்டு பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிளேடு நுனி கிளையில் பட்டால் ரம்பம் சடாரென முகத்தை நோக்கி எகிறும். இதுதான் கிக்பேக். பிடிகள் நெருக்கமாக இருப்பதால் அந்த வேகத்தை அடக்குவது கஷ்டம். லேசாக இருக்கிறதே என்று ஒற்றைக் கையில் பிடிக்கும் பழக்கமும் இதில்தான் வரும். கயிறும் பெல்ட்டும் கட்டி மரத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான் இந்த ரம்பம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தரையில் நின்று விறகு அறுக்க இது வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் மூன்று விஷயம். செயினின் பல் இடைவெளி, தடிமன், கண்ணி எண்ணிக்கை மூன்றையும் குறித்து வைத்து, அந்த அளவு செயின் உள்ளூரில் கிடைக்குமா என்று கடையில் கேளுங்க. அங்கே வாங்கிய மிஷினுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்க. பெட்ரோல் ஊற்றி ஓட்டிய எஞ்சினை விமானத்தில் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு உண்டு, சுங்க வரியும் வரலாம். இதையெல்லாம் கூட்டினால், சர்வீஸ் வசதியுடன் ஊரில் வாங்குவதே சில சமயம் மலிவாக முடியும்.

ஒன்று மறக்கக் கூடாது. ரம்பம் வாங்கப் போட்ட பட்ஜெட்டில் ஹெல்மெட், கண்ணாடி, வெட்டு தாங்கும் பேன்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்க. தோட்ட முதலாளி வாங்கித் தருவதாக இருந்தால், மரம் ஏறுபவர் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.