மன்றம் காணாத மாணவி

எழுதுகின்றவர்க்கு முதல் வாசகரைத் தேடித் தருவது இலக்கிய மன்றம். அமெரிக்காவின் வாசர் மகளிர் கல்லூரி 1865-ல் திறக்கப்பட்ட ஆண்டிலேயே அதன் மாணவியர் தமக்கென ஓர் இலக்கிய மன்றம் கண்டனர். சென்னையிலோ மகளிர்க்கெனக் கல்லூரி தோன்றவே 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எழுத வந்த பெண் எந்த அவையைத் தேடிச் செல்வாள்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரின் வாழ்வு.

அம்மையார் 1862-ல் அகமத்நகரில், கிறித்தவம் தழுவிய மராத்திய அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நூல்களின்பால் அவர் உள்ளத்தைத் திருப்பிய தமையனார் பாஸ்கரும் இளவயதில் மறைந்தார். இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில வாய்ப்பு வந்தபோது உடல்நலம் இடந்தரவில்லை. எனவே 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓராண்டு சிறப்புறப் பயின்றார். அதற்குள் உடல் தளர்ந்து படிப்பு நின்றது. மாணவி என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது அவ்வளவே.

சென்னையில் அவர் தங்கியிருந்தது பாதிரியார் டபிள்யூ. டி. சத்தியநாதன் இல்லத்தில். அவ்வில்லத்து மைந்தர் சாமுவேல் பின்னர் அவர்தம் கணவரானார். உதகையில் கணவர் தலைமையாசிரியராகப் பணியாற்ற, அம்மையார் இசுலாமியச் சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கினார். ஓர் இந்தியப் பெண்மணி என்னும் புனைபெயரில் ஏடுகளுக்கும் எழுதத் தொடங்கினார்.

1886-ல் மீண்டும் சென்னை. அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1883 முதல் ஓர் ஆங்கில இதழை நடத்திவந்தது. ஆடவர் பயின்ற அக்கல்லூரியின் இதழில்தான் அம்மையாரின் முதல் புதினமாகிய சகுணா 1887-88-ல் தொடராக வந்தது. கல்விக்காக ஏங்கிய ஒரு பெண்ணின் கதை அது. பெரும்பகுதி அவர்தம் சொந்தக் கதையே. தாம் மாணவியாக அமர முடியாத கல்லூரியின் இதழில் எழுத்தாளராக இடம் பெற்றார். இந்தியப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்ககாலப் புதினங்களுள் அதுவும் ஒன்று.

ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் மறைந்தது. அத்துயரும் நோயும் ஒருங்கே வருத்த, இளம் விதவை ஒருத்தியின் வாழ்வைச் சொல்லும் கமலா என்னும் புதினத்தை எழுதி முடித்தார். 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இயற்கை எய்தினார். அகவை முப்பத்திரண்டே.

சகுணா 1896-ல் தமிழிலும் வெளிவந்தது. சாமுவேல் பின்னாளில் மணந்த கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-ல் இந்தியப் பெண்களுக்கென ஓர் ஆங்கில இதழைச் சென்னையில் தொடங்கினார். வங்கத்து ரொக்கையா அம்மையாரின் சுல்தானாவின் கனவு 1905-ல் முதலில் அச்சேறியது அதில்தான். இரவல் அவையில் முதலாமவர் பேசினார். அடுத்தவர் சொந்த அவையையே அமைத்துத் தந்தார்.

அக்கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. இன்று அது அனகாபுத்தூருக்கு அண்டையில் நிற்கிறது. அவ்வழியே செல்லும் கவிஞர்கள் கிருபாபாய் அம்மையாரை ஒருகணம் நினைப்பார்களாக. அவையேற வழியின்றி எழுதிக்கொண்டிருக்கும் பெண் இன்றும் ஏதோ ஓர் இல்லத்தில் இருப்பாள். அவளுக்கு ஓர் இருக்கையும் சில பக்கங்களும் ஒதுக்கி வைப்பதே மன்றங்களின் கடன்.