வால்வு தந்த டி ஃபாரஸ்ட்

பழைய ரேடியோவுக்குள் தணலாய் ஒளிர்ந்த வால்வுக்கு ஒலியைப் பெருக்கும் சக்தி தந்தவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். 1873-ல் பாதிரியார் மகனாய்ப் பிறந்தவர். 1906-ல், ஏற்கெனவே இருந்த கண்ணாடிக் குழலில் சூடாகும் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வளைந்த கம்பி ஒன்றைச் செருகினார். அதில் படும் சிறு மின்சாரம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்யும் விதம் அவருக்கே பிடிபடவில்லை. குழலில் வாயு இருந்தாக வேண்டும் என்றே நம்பினார். 1913-ல் தொலைபேசிக்கான உரிமையை ஏ.டி. அண்டு டி. கம்பெனிக்கு 50,000 டாலருக்கு விற்றார். கம்பெனியார் வாயுவை அகற்றிச் சீர்செய்து, 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பேசவைத்தனர். அதே கம்பெனியின் பெல் ஆய்வுக்கூடம் 1947-ல் டிரான்சிஸ்டரைக் கண்டது. சூடேறக் காத்திருக்க வேண்டாம், சிறு பாட்டரியே போதும், வால்வு ஒதுங்கலாயிற்று. அதையும் கண்ணால் பார்த்துவிட்டு, அதிகச் சொத்தின்றி 1961-ல் ஹாலிவுட்டில் காலமானார். கிதார்க்காரர்கள் மட்டும் இன்னமும் வால்வை விடவில்லை. ஒலியைக் கூட்டினாலும் அது காதை அறுக்காது என்கிறார்கள்.